ரூ.55 கோடி முதல் ஐ.எம்.எஃப் வரை: பயங்கரவாதமும் பணமும் மோதிய இடத்தில் நின்ற கோவைக்காரர் ஆர்.கே.சண்முகம் செட்டியார்

2025 மே 9. வாஷிங்டனில் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) நிர்வாகக் குழு கூடுகிறது. பாகிஸ்தானுக்குச் சுமார் 100 கோடி டாலர் தவணையை விடுவிக்கலாமா என்பதுதான் கேள்வி. பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. எல்லையில் டிரோன்களும் ஏவுகணைகளும் பறந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பணம் எல்லை தாண்டிய பயங்கரவாதத்துக்குப் போய்ச் சேரக்கூடும் என்று ஆட்சேபம் சொல்லிவிட்டு, இந்தியா வாக்கெடுப்பில் இருந்து ஒதுங்கிக்கொண்டது. தவணை விடுவிக்கப்பட்டது.

சோஷியல் மீடியாவில் அன்று நடந்த சண்டையை நினைவிருக்கலாம். ஆனால் இதே கேள்வி நம் நாட்டுக்குப் புதுசு இல்லை. நம்மைத் தாக்குபவர்களுக்கு உதவுவதாக நாம் குற்றம்சாட்டும் ஒரு நாட்டுக்குப் பணம் போக விடலாமா? 1948 ஜனவரியில் டெல்லி அமைச்சரவை இதைத்தான் விவாதித்தது. அப்போது பணப்பெட்டிச் சாவி ஒரு கோவைக்காரரிடம் இருந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். கூடுதலாக ஒரு தகவல்: ஐ.எம்.எஃப் என்ற அமைப்பு பிறந்த மாநாட்டிலும் அவர் இந்தியப் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தார்.

பள்ளிப் புத்தகத்தில் முதல் பட்ஜெட் போட்டவர் என்ற ஒரே வரியில் முடிந்துபோகும் இந்த மனிதரின் கதைக்குள், பயங்கரவாதத்துக்கு எதிராக உலக நாடுகள் கைகோத்த கதையும், கோக்க முடியாமல் போன கதையும் மறைந்திருக்கின்றன.

கோவையில் இருந்து டெல்லி

1892 அக்டோபர் 17 அன்று கோவையில் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு சட்டக் கல்லூரி. ஊர் திரும்பி கோவை நகராட்சியில் கவுன்சிலர், துணைத் தலைவர். 1920-ல் நீதிக்கட்சி சார்பில் சென்னை சட்ட மேலவைக்குப் போனார். சில ஆண்டுகளில் சுயராஜ்ஜியக் கட்சிப் பக்கம் வந்து டெல்லி மத்திய சட்டசபைக்கு உறுப்பினரானார். பக்கத்து ஊர் ஈரோட்டுப் பெரியாரோடும் சுயமரியாதை இயக்கத்தோடும் நெருக்கம் உண்டு. வெள்ளைக்கார அரசோடும் நல்ல உறவு. கட்சி அடையாளம் வைத்து அவரைப் புரிந்துகொள்ளப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும். கணக்கு வைத்துப் பார்த்தால் ஈஸி. பஞ்சு விலை, நூல் விலை, கரன்சி மதிப்பு, சுங்க வரி என்று எது வந்தாலும் கோவை வியாபாரிக்கு லாபமா நஷ்டமா என்று யோசிக்கப் பழகிய மூளை அது.

ஜெனீவாவில் நடந்த சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கு இந்திய முதலாளிகள் தரப்பில் போய் வந்தார். 1932-ல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த பேரரசுப் பொருளாதார மாநாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவிலும் இருந்தார். பிரிட்டிஷ் சரக்குகளுக்கு வரிச்சலுகை தந்த அந்த ஒட்டாவா ஒப்பந்தத்தை ஆதரித்ததற்கு 1934 தேர்தலில் விலை கொடுத்தார். சர் பட்டம் வாங்கி, சட்டசபைத் தலைவர் நாற்காலியில் இருந்தவரை காங்கிரஸ் வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டி தோற்கடித்தார்.

சபையில் விழுந்த குண்டு

அதற்கு முன்னால் 1929 ஏப்ரல் 8-ஐப் பார்த்துவிட வேண்டும். டெல்லி மத்திய சட்டசபைக்குள் பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசிய நாள். யாரையும் கொல்லும் நோக்கம் அந்தக் குண்டுகளுக்கு இல்லை. சிலருக்கு லேசான காயம். இருவரும் தப்பி ஓடாமல் நின்று கைதானார்கள். அப்போது விவாதத்தில் இருந்தது பொதுப் பாதுகாப்பு மசோதா. வெளிநாட்டில் இருந்து வந்து இங்கே வேலை செய்யும் கம்யூனிஸ்டுகளை நாடு கடத்த அரசுக்கு அதிகாரம் தரும் சட்டம் அது. முந்தைய ஆண்டு இதே மாதிரி மசோதா சம வாக்குகள் பெற்றபோது, அவைத் தலைவர் விட்டல்பாய் படேல் தன் வாக்கை எதிராகப் போட்டு அதைத் தோற்கடித்திருந்தார். இந்த முறை அவர் அனுமதி மறுக்க, வைஸ்ராய் அவசரச் சட்டமாகவே கொண்டுவந்துவிட்டார்.

சண்முகம் செட்டியார் அந்த அவையின் உறுப்பினர். 1931-ல் துணைத் தலைவர், 1933-ல் விட்டல்பாய் அமர்ந்திருந்த அதே நாற்காலியில் தலைவர். ஆங்கிலேயர் கோப்புகளில் பகத் சிங் பயங்கரவாதி. தெருவில் அவர் தியாகி. யார் பயங்கரவாதி என்று யார் முடிவு செய்வது? சண்முகம் வேலை பார்த்த கட்டடத்துக்குள்ளேயே நேராக வந்து விழுந்த கேள்வி இது. இன்றுவரை ஐ.நா. சபையால் இதற்கு ஒரு விடை எழுதி முடிக்க முடியவில்லை.

ஜெனீவா: இந்தியா மட்டும் ஏற்ற ஒப்பந்தம்

பயங்கரவாதத்தைத் தடுக்க உலக நாடுகள் சேர்ந்து போட்ட முதல் ஒப்பந்தம் எது என்று கேட்டால் பெரும்பாலும் 2001-க்குப் பிறகு வந்த ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். உண்மையில் அது 1937-ஐச் சேர்ந்தது. 1934 அக்டோபர் 9 அன்று பிரான்சின் மார்செய் நகரில் யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாண்டர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே சம்பவத்தில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பார்த்தூவும் இறந்தார். சதியின் பின்னால் இருந்ததாகக் கருதப்பட்ட தலைவர்கள் இத்தாலியில் இருந்தார்கள். பிரான்ஸ் கேட்டும் இத்தாலி அவர்களை ஒப்படைக்கவில்லை. இது அரசியல் குற்றம் என்று சொல்லி டுரின் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இந்த மாதிரி சிக்கல் தமிழ்நாட்டுக்குப் பழக்கமானதுதான். 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபோது, ஆங்கிலேய போலீஸின் சந்தேகப் பார்வை புதுச்சேரியில் இருந்த வ.வே.சு. ஐயர் வட்டாரத்தின் மேல் விழுந்தது. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு மண். எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று முறைக்கலாமே தவிர, உள்ளே போய்ப் பிடிக்க முடியாது. பாரதியாரும் அந்தப் பாதுகாப்பில்தான் பத்து வருஷம் அங்கே இருந்தார். 1918-ல் எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்ததும் கைது. ஆஷ் கொலை நடந்தபோது சண்முகத்துக்கு 18 வயது.

மார்செய் கொலைக்குப் பிறகு சர்வதேச சங்கம், அதாவது ஐ.நா.வுக்கு முந்தைய லீக் ஆஃப் நேஷன்ஸ், ஓர் ஒப்பந்தம் தயாரித்தது. 1937 நவம்பர் 16 அன்று ஜெனீவாவில் அது முடிவானது. ஒரு நாட்டுக்கு எதிராக, மக்கள் மனதில் பீதியை உண்டாக்கும் நோக்கில் செய்யப்படும் குற்றங்கள் பயங்கரவாதம் என்று வரையறுத்தார்கள். அப்படிப்பட்டவர்களை நாடுகள் ஒன்று தண்டிக்க வேண்டும், இல்லை ஒப்படைக்க வேண்டும் என்பது யோசனை. 24 நாடுகள் கையெழுத்துப் போட்டன. முறைப்படி ஏற்றுக்கொண்டது ஒரே ஒரு நாடு. இந்தியா!

பெருமைப்பட அவசரப்பட வேண்டாம். 1941-ல் அதை ஏற்றது பிரிட்டிஷ் இந்திய அரசு. வங்காளத்திலும் பஞ்சாபிலும் புரட்சியாளர்களை வேட்டையாடிக்கொண்டிருந்த அரசு. லண்டன் தன் பெயரில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துகூடப் போடவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. இந்தியா சொந்த ஆட்சி இல்லாமலே லீகில் உறுப்பினராக இருந்த விநோதம் இதற்கு வழிவிட்டது. அங்கே இந்தியாவின் பெயரில் பேசப் போனவர்களை இந்தியர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அரசு நியமித்தது.

அப்படி நியமிக்கப்பட்டு 1938-ல் ஜெனீவா போனவர்களில் சண்முகம் செட்டியாரும் ஒருவர். ஒப்பந்தத்தை எழுதியதில் அவருக்குப் பங்கு இல்லை. அவர் போனபோது மை காய்ந்திருந்தது. அவர் பார்த்தது அந்த அமைப்பின் கடைசிக் காலம். அந்த ஆண்டு செப்டம்பர் முடிவில் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் போர். பயங்கரவாத ஒப்பந்தம் நடைமுறைக்கே வராமல் செத்துப்போனது.

1996-ல் சுதந்திர இந்தியா, பயங்கரவாதத்துக்கு எதிரான ஒரு முழுமையான ஒப்பந்த வரைவை ஐ.நா.வில் முன்வைத்தது. இன்னும் அது நிறைவேறவில்லை. விடுதலைப் போராட்டத்தை என்ன செய்வது, அரசே செய்யும் வன்முறையை எங்கே வைப்பது என்ற இடத்திலேயே பேச்சு நிற்கிறது.

கொச்சி திவான்

தேர்தலில் தோற்றவரை கொச்சி சமஸ்தானம் 1935-ல் திவானாகக் கூப்பிட்டுக்கொண்டது. ஆறு ஆண்டுகள். கொச்சித் துறைமுகம் வளர்ந்த காலம் அது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபையிலிருந்து ஓர் அமைச்சருக்குச் சில துறைகளைக் கொடுக்கும் முறை 1938-ல் அங்கே வந்ததும் அவர் காலத்தில்தான். எர்ணாகுளம் மரைன் டிரைவ் போனவர்கள் சண்முகம் ரோட்டில் நடந்திருப்பார்கள். அந்தச் சண்முகம் இவர்தான்.

பிரெட்டன் உட்ஸ்: ஐ.எம்.எஃப் பிறந்த ஹோட்டல்

போர்க்காலத்தில் அமெரிக்காவில் இந்தியாவுக்கான கொள்முதல் குழுவின் தலைவராக இருந்துவிட்டு வந்தவரை, 1944 ஜூலையில் மீண்டும் அமெரிக்கா அனுப்பினார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மலையில் ஒரு பெரிய ஹோட்டல். 44 நாடுகளின் பிரதிநிதிகள் மூன்று வாரம் அங்கே தங்கிப் போருக்குப் பிந்தைய பண உலகத்தை வடிவமைத்தார்கள். ஐ.எம்.எஃப்., உலக வங்கி இரண்டும் அங்கே உருவானவை. இந்தியக் குழுவின் தலைவர் பிரிட்டிஷ் நிதி உறுப்பினர் ஜெரமி ரைஸ்மன். ரிசர்வ் வங்கி கவர்னர் சி.டி.தேஷ்முக், பம்பாய்த் தொழிலதிபர் ஏ.டி.ஷ்ராஃப், பொருளாதார நிபுணர் தியோடர் கிரெகரி ஆகியோருடன் சண்முகம் செட்டியார்.

போருக்காக இந்தியாவிடம் வாங்கிய சரக்குக்கெல்லாம் பிரிட்டன் கடன் வைத்திருந்தது. அந்த ஸ்டெர்லிங் பாக்கியில் ஒரு பகுதியையாவது மாற்றக்கூடிய பணமாக்க வழி செய்யுங்கள் என்று இந்தியக் குழு போராடியது. பிரிட்டனும் அமெரிக்காவும் மறுத்துவிட்டன. ஏழை நாடுகளின் வளர்ச்சியையும் நிதியத்தின் நோக்கங்களில் சேருங்கள் என்று சண்முகம் வாதாடினார், முழுதாகக் கிடைக்கவில்லை. எல்லா உறுப்பு நாடுகளின் உற்பத்தி வளங்களையும் வளர்ப்பது என்ற அளவில் ஒரு வரி உள்ளே வந்தது.

வேறு ஒன்று கிடைத்தது. சோவியத் யூனியன் கடைசியில் சேராமல் போனதால், அதிகப் பங்கு கொண்ட முதல் ஐந்து நாடுகளில் இந்தியா வந்துவிட்டது. ஐ.எம்.எஃப் நிர்வாகக் குழுவில் ஆரம்பத்திலேயே ஓர் இருக்கை. 2025 மே மாதம் ஒதுங்கிக்கொண்டதும் அந்தக் குழுவில் இந்தியாவுக்கு இருக்கும் இருக்கைதான். 1944-ல் அந்த ஹோட்டலில் சண்முகம் பேசியபோது, அவர் லாகூருக்கும் கராச்சிக்கும் சேர்த்தே பேசிக்கொண்டிருந்தார்.

55 கோடி ரூபாய்

1947 ஆகஸ்ட். காங்கிரஸ்காரர் அல்லாத, பிரிட்டிஷ் ஆதரவாளர் என்று பெயர் எடுத்த சண்முகத்தை நேரு தன் அமைச்சரவையில் நிதி அமைச்சர் ஆக்கினார். அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி போல அவரும் கட்சிக்கு வெளியே இருந்து வந்தவர். நவம்பர் 26 அன்று அவர் போட்ட ஏழரை மாத பட்ஜெட்டில் வருவாய் மதிப்பீடு ரூ.171.15 கோடி, செலவு ரூ.197.39 கோடி. அதில் கிட்டத்தட்ட பாதி, ரூ.92.74 கோடி, ராணுவத்துக்கு. ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. அக்டோபர் 22 முதல் பாகிஸ்தான் பக்கம் இருந்து ஆயுதமேந்திய பழங்குடிப் படைகள் காஷ்மீருக்குள் வந்துகொண்டிருந்தன.

இன்னொரு பக்கம், பிரிவினைக் கணக்கு தீரவில்லை. பிரிக்கப்படாத இந்தியாவின் ரொக்க இருப்பில் பாகிஸ்தான் பங்கு ரூ.75 கோடி என்று முடிவானது. ரூ.20 கோடி முன்பே கொடுத்தாகிவிட்டது. பாக்கி ரூ.55 கோடி. சண்முகத்தின் பட்ஜெட் வருவாயில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! கொடுத்தால் அதுவே துப்பாக்கியாக மாறி காஷ்மீரில் நம் வீரர்களைச் சுடும் என்று படேலும் அமைச்சரவையும் நினைத்தார்கள். காஷ்மீர் விவகாரம் தீரும் வரை பணம் இல்லை என்று நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் இரண்டு நாட்டுக்கும் மத்திய வங்கி ஒன்றுதான், பம்பாயில் இருந்த ரிசர்வ் வங்கி. அதன் கவர்னர், சண்முகத்தோடு பிரெட்டன் உட்ஸ் போன அதே தேஷ்முக்.

அன்று யாரும் இதைப் பயங்கரவாத நிதியைத் தடுப்பது என்று சொல்லவில்லை. வந்தவர்களை ஊடுருவல்காரர்கள் என்றார்கள். பாகிஸ்தான் அவர்களுக்கு உதவக் கூடாது என்று கேட்டு, 1948 ஜனவரி 1 அன்று இந்தியா ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் கதவைத் தட்டியது. ஒரு கையில் சர்வதேச முறையீடு, மறு கையில் பணத்தை நிறுத்துவது. இன்றைய இந்தியா பயன்படுத்தும் அதே இரண்டு கருவிகள்.

ஆனா, ஒரு சிக்கல். இது கடனோ உதவியோ அல்ல; பாகிஸ்தானுக்குச் சேர வேண்டியது என்று இந்தியாவே ஒப்புக்கொண்ட பங்கு. கொடுத்த வாக்கை மீறுவது புதிய நாட்டுக்கு அழகல்ல என்று மவுண்ட்பேட்டன் கருதினார். காந்தியும் அப்படியே நினைத்தார். மத அமைதிக்காக ஜனவரி 13 அன்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். மறுநாள் பிர்லா மாளிகையில் அவர் படுத்திருந்த இடத்திலேயே அமைச்சரவை கூடி மறுபடி யோசித்தது. 15-ம் தேதி முடிவு மாறியது. நிறுத்தியது நியாயம்தான், ஆனாலும் நல்லெண்ணத்துக்காகக் கொடுக்கிறோம் என்ற தொனியில் அரசு அறிவித்தது. நிறுத்தியபோதும் விடுவித்தபோதும் நிதி அமைச்சர் சண்முகம்.

ஜனவரி 20 அன்று காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. 30-ம் தேதி நாதுராம் கோட்சே அவரைச் சுட்டுக் கொன்றார். தன் செயலுக்கு அவர் நீதிமன்றத்தில் சொன்ன காரணங்களில் இந்த 55 கோடியும் இருந்தது. இதை மட்டும் காரணமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. காந்தியைக் கொல்லும் முயற்சிகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்திருக்கின்றன. அடுத்த பட்ஜெட்டைச் சண்முகம் தாக்கல் செய்தது பிப்ரவரி கடைசியில், காந்தி இறந்து ஒரு மாதத்துக்குள்.

இன்று இந்த வேலையை யார் செய்கிறார்கள்?

ஒரு அமைச்சரவை தனியாக முடிவு செய்து, ஒருவர் உண்ணாவிரதத்தில் மாற்றிக்கொண்ட அந்த விஷயத்துக்கு இப்போது விதிகள் இருக்கின்றன. 1989-ல் ஜி-7 நாடுகள் பாரிஸில் தொடங்கிய எஃப்.ஏ.டி.எஃப் அமைப்பு முதலில் கறுப்புப் பணத்தை மட்டும் பார்த்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பயங்கரவாத நிதியும் அதன் வேலையானது. அந்த மாதமே ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில், பயங்கரவாதிகளின் பணத்தை முடக்க எல்லா நாடுகளுக்கும் உத்தரவிட்டது. பணத்தைப் பின்தொடரும் சட்டங்கள் ஒரு நாட்டில் எப்படி வேலை செய்கின்றன என்று ஐ.எம்.எஃப்-ம் சோதிக்கத் தொடங்கியது. உங்கள் வங்கி அடிக்கடி கேட்டுத் தொல்லை செய்யும் கே.ஒய்.சி. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

எஃப்.ஏ.டி.எஃப் சாம்பல் பட்டியலில் ஒரு நாட்டை வைத்தால் தடை எதுவும் இல்லை. ஆனால் வெளிநாட்டு வங்கிகள் தயங்கும், கடன் செலவு கூடும். பாகிஸ்தான் 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை அந்தப் பட்டியலில் இருந்தது. இந்தியா 2010 முதல் அதன் உறுப்பினர். 1998 பிப்ரவரி 14-ன் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேரைப் பறிகொடுத்த கோவைக்கு, 2022 அக்டோபரில் உக்கடத்தில் கார் வெடித்ததைப் பார்த்த கோவைக்கு, இது எங்கோ பாரிஸில் நடக்கும் மீட்டிங் இல்லை. அதே நேரம், பயங்கரவாத நிதியைத் தடுக்கிறோம் என்ற பெயரில் தொண்டு நிறுவனங்களையும் எதிர்ப்பவர்களையும் நெருக்கும் அரசுகள் உலகமெங்கும் உண்டு. 1937-ன் பழைய சந்தேகம் அப்படியே தொடர்கிறது.

பதவி விலகலும் புகார்க் காண்டமும்

சண்முகத்தின் டெல்லி வாழ்க்கை சீக்கிரம் முடிந்தது. போர்க்காலத்தில் வரி ஏய்த்தவர்களை விசாரிக்க அமைக்கப்பட்ட வருமான வரி விசாரணை ஆணையத்துக்கு அனுப்பிய பட்டியலில் இருந்து சில வழக்குகள் விடுபட்டது சர்ச்சையானது. பொறுப்பேற்று 1948 ஆகஸ்டில் பதவி விலகினார். ஜான் மத்தாய் அந்த இடத்துக்கு வந்தார். இரண்டு ஆண்டு கழித்துத் தேஷ்முக்.

தமிழிசை இயக்கத்தில் முன்னணியில் நின்றவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர். நிதி அமைச்சர்கள் பட்டியலில் இப்படி இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கும். 1952 தேர்தலில் சுயேச்சையாக நின்று சென்னை சட்டசபைக்கு ஜெயித்தார். நகராட்சியில் தொடங்கி ஜெனீவா, ஒட்டாவா, பிரெட்டன் உட்ஸ், டெல்லி என்று சுற்றியவர் மறுபடி மாநில சபையில் எம்.எல்.ஏ.வாக உட்கார்ந்தார். ஒரு வருஷம்தான். 1953 மே 5 அன்று, 60 வயதில் காலமானார்.